கோவை வ.உ.சி. பூங்கா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவைக்கு வருகிற உறவினர்களும் பள்ளிச் சுற்றுலாவுக்குத் திட்டமிடும் ஆசிரியர்களும், ஊரைவிட்டுப் போய்ப் பல ஆண்டுகள் கழித்துத் திரும்புகிறவர்களும் வ.உ.சி. பூங்காவைப் பற்றி என்னிடம் மீண்டும் மீண்டும் கேட்கும் கேள்விகளையே இங்கே எழுதியிருக்கிறேன். குழந்தைப் பருவம் முதல் இந்தப் பூங்காவுக்குப் போய்வருகிறவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி எதுவும் கிடையாது.

பூங்கா நகரத்தில் எங்கே இருக்கிறது? வெளியூரிலிருந்து வருபவர்கள் எப்படிச் செல்வது?

கோவை ரயில் சந்திப்புக்கும் காந்திபுரம் பேருந்து நிலையத்துக்கும் ஏறத்தாழ நடுவில், நேரு விளையாட்டரங்கத்தை ஒட்டிப் பூங்கா அமைந்திருக்கிறது. ரயில் நிலையமும் காந்திபுரமும் ஒன்றுக்கொன்று மூன்று கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவிலேயே இருப்பதால், எங்கே வந்து இறங்கினாலும் ஆட்டோவில் சில நிமிடங்களில் வந்துவிடலாம். வெயில் தாழ்ந்த நேரமாக இருந்தால் நடந்தே வரலாம். ஊர்க்காரர்கள் வாயில் இது 'வ.உ.சி. பார்க்'. பழைய தலைமுறையினர் சிலர் 'சிதம்பரம் பூங்கா' என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.

தூத்துக்குடிக்காரரின் பெயர் கோவைப் பூங்காவுக்கு ஏன் வந்தது?

வெளியூர்க்காரர்கள் மட்டுமன்றி, இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் இதைக் கேட்கிறார்கள். தலைவர்களின் பெயரைத் தெருக்களுக்கும் திடல்களுக்கும் வைப்பது நம் ஊர்களில் வழக்கம்தானே, இதுவும் அப்படி ஒன்றாக இருக்கும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் இந்தப் பெயருக்கும் இந்த ஊருக்கும் உள்ள தொடர்பு மிக நெருக்கமானது, அதே அளவுக்கு வலி மிகுந்தது. பூங்காவிலிருந்து காந்திபுரத்தை நோக்கி நடந்தால் ஒரு கிலோமீட்டருக்குள் கோவை மத்திய சிறையின் மதில் வந்துவிடும். வ.உ. சிதம்பரனார் செக்கிழுத்தது அந்த மதிலுக்குள்தான்.

அவர் 1872 செப்டம்பர் 5 அன்று ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். கோவைச் சிறை நிறுவப்பட்டதும் அதே 1872இல்தான் என்பதை முதன்முதலில் அறிந்தபோது எனக்குச் சற்று நேரம் பேச்சு வரவில்லை. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆங்கிலேயக் கம்பெனி ஒன்றே கப்பல் போக்குவரத்தைத் தன் கையில் வைத்திருந்த காலத்தில், 1906இல் அவர் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கி, காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களை ஓட்டிக் காட்டினார். 1908 மார்ச்சில் கைது செய்யப்பட்டார். அந்த ஆண்டு ஜூலையில் நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை, அதாவது நாற்பது ஆண்டு, விதித்தார். அரசுக்கு எதிராகப் பேசியதற்கு இருபது ஆண்டும், சுப்பிரமணிய சிவாவுக்கு இடம் கொடுத்து உடந்தையாக இருந்ததற்கு இருபது ஆண்டுமாக அந்தக் கணக்கு வந்தது. பின்னர் உயர் நீதிமன்றம் அதை ஆறு ஆண்டாகவும் நான்கு ஆண்டாகவும் குறைத்து, இரண்டையும் ஏககாலத்தில் அனுபவிக்கலாம் என்று தீர்ப்பளித்தது.

கோவைச் சிறையில் அவர் எவ்வளவு காலம் இருந்தார்? செக்கிழுத்தது உண்மையா?

உண்மை. 1908 ஜூலை முதல் 1910 டிசம்பர் வரை அவர் கோவைச் சிறையில் இருந்தார். பிறகு கண்ணூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டு 1912 டிசம்பரில் விடுதலையானார். கோவையில் முதலில் சணல் கிழிக்கும் எந்திரத்தைச் சுற்றவைத்தார்கள். உள்ளங்கைத் தோல் உரிந்து குருதி கசிந்த பிறகுதான் செக்குக்கு மாற்றினார்கள். இதை அவரே தம் வரலாற்றைச் செய்யுளாக எழுதியபோது குறித்திருக்கிறார்.

இன்று கோவையில் தெருவுக்குத் தெரு 'மரச்செக்கு எண்ணெய்' என்று பலகை தொங்குகிறது. அங்கெல்லாம் மின்மோட்டார்தான் செக்கை ஓட்டுகிறது என்பதால், செக்கு இழுப்பது என்றால் என்ன என்று இப்போதைய பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும். உரல் நடுவில் நிலையாக இருக்கும். அதனுள் கனத்த உலக்கை ஒன்று சாய்வாக நிற்கும். அந்த உலக்கையோடு பொருத்திய நீண்ட கட்டையின் மறுமுனையில் பாரம் ஏற்றி, மாட்டைப் பூட்டி வட்டமாக நடக்கவிட்டால், உலக்கை உரலின் உள்சுவரோடு அழுந்திச் சுழன்று எள்ளையோ கடலையையோ நசுக்கி எண்ணெயைப் பிரிக்கும். கொங்குநாட்டில் உழவிலும், கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் கவலையிலும், செக்கிலும் மாடுகளின் உழைப்பைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு அந்தக் கட்டையின் பாரம் எவ்வளவு என்று தெரியும். ஓய்வின்றி ஒரே இடத்தைச் சுற்றுகிறவனை 'செக்குமாடு மாதிரி' என்று இன்றும் சொல்கிறோம். மாட்டின் இடத்தில் அவர்கள் நிறுத்தியது, வழக்குரைஞராகத் தொழில் செய்து கப்பல் நிறுவனம் நடத்திய, முப்பத்தைந்து வயதைக் கடந்த ஒரு மனிதரை. 'செக்கிழுத்த செம்மல்' என்பதை மேடையில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல்லின் முதல் பாதியில் நின்று யோசித்தால் அவ்வளவு எளிதாக வாய் வராது.

விடுதலைக்குப் பிறகு அவருக்கும் கோவைக்கும் தொடர்பு இருந்ததா?

இருந்தது. தண்டனையோடு வழக்குரைஞர் உரிமமும் பறிபோனதால், வருவாய்க்கு வழியில்லாமல் பல தொழில்களை முயன்று பார்த்த அவர், பின்னாளில் கோவைக்கு வந்து வங்கி ஒன்றில் மேலாளராகப் பணிபுரிந்தார். உரிமத்தைத் திரும்பப் பெற உதவியவர் நீதிபதி வாலஸ். அந்த நன்றிக்காகத் தம் மகன் ஒருவனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். ஒரு வெள்ளைக்கார நீதிபதி நாற்பதாண்டு தண்டனை கொடுத்ததையும் இன்னொரு வெள்ளைக்கார நீதிபதி பிழைக்க வழி கொடுத்ததையும் அவர் தனித்தனியாகவே பார்த்தார் என்பது, அவர் வாழ்க்கையில் நான் மிகவும் மதிக்கும் செய்திகளில் ஒன்று. 1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடியில் காலமானார்.

அந்தச் செக்கைப் பொதுமக்கள் பார்க்க முடியுமா?

செக்கு பூங்காவில் இல்லை. மத்திய சிறை வளாகத்தில் நினைவுச் சின்னமாகப் பாதுகாக்கப்பட்டு வருகிறது. ஆண்டுதோறும் செப்டம்பர் 5 அன்று அதற்கு மாலை அணிவித்து மரியாதை செய்கிறார்கள். சிறை என்பதால் நினைத்த நேரத்தில் உள்ளே போய்வர இயலாது. பள்ளி சார்பாக அழைத்துச் செல்ல விரும்பும் ஆசிரியர்கள் சிறை நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுதிக் கேட்பதே முறை.

உயிரியல் பூங்கா ஏன் மூடப்பட்டது? விலங்குகள் என்ன ஆயின?

கோவையில் வளர்ந்த எவருக்கும் வ.உ.சி. பூங்கா என்றவுடன் முதலில் நினைவுக்கு வருவது 'ஜூ'தான். கோவை நகராட்சியாக இருந்த காலத்தில், 1965இல், சுமார் நாலரை ஏக்கரில் அது தொடங்கப்பட்டது. 1981இல் கோவை மாநகராட்சியான பிறகு மாநகராட்சியே அதை நடத்திவந்தது. புள்ளிமான், கடமான், முதலை, பாம்பு, கூழைக்கடா என்று அங்கே பார்த்தவற்றையெல்லாம் எங்கள் வயதுக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு வரிசையாகச் சொல்வோம். எனக்கு இன்றும் தெளிவாக நினைவிருப்பது கூழைக்கடாக்களின் கூண்டு. நெருங்குவதற்கு முன்பே மீன்வாடை அடிக்கும். ஒரு பறவை அலகின் கீழிருக்கும் மஞ்சள் பையை மெல்ல விரித்து, வாய்க்குள் விழுந்த மீனைத் தலைகீழாக்கி விழுங்கும்வரை நாங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்போம்.

மகிழ்ச்சியான நினைவுதான். ஆனால் அந்தப் பறவை சிறகை முழுதாக விரித்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை என்பது வளர்ந்த பிறகு, ஏரியில் கூழைக்கடாக்கள் வட்டமிட்டு இறங்குவதைப் பார்த்தபோதுதான் உறைத்தது. உயிரியல் பூங்கா மூடப்பட்டதன் காரணமும் இதுவே. 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1992இல் அமைந்த மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாமல் இந்தியாவில் எந்த உயிரியல் பூங்காவும் இயங்க முடியாது. அங்கீகாரம் வேண்டுமென்றால், ஒவ்வொரு விலங்குக்கும் இவ்வளவு இடம், இன்ன வகை அடைப்பு, தனி மருத்துவ வசதி என்று விதிகள் உண்டு. நகரின் நெரிசலுக்கு நடுவே, ஒருபுறம் விளையாட்டரங்கமும் மறுபுறம் ஒலிபெருக்கி முழங்கும் மைதானமும் இருக்க, நாலரை ஏக்கரில் அந்த விதிகளை நிறைவேற்ற வழியில்லை. 2022 ஜனவரியில் அங்கீகாரம் ரத்து செய்யப்பட்டது.

அதன் பிறகு விலங்குகளையும் பறவைகளையும் வண்டலூர் போன்ற பெரிய உயிரியல் பூங்காக்களுக்கும் வனத்துறையின் பொறுப்புக்கும் மாற்றும் பணி நடந்தது. புள்ளிமான்களைச் சிறுவாணி மலையடிவாரக் காட்டில் விட்டார்கள். கூண்டில் பிறந்து, கையில் கொடுத்த தீவனத்தைத் தின்று வளர்ந்த மானைத் திடீரென்று காட்டில் இறக்கிவிட முடியாது. காட்டில் கிடைக்கும் புல்லையும் தழையையும் கொடுத்துப் பழக்கவேண்டும். காட்டு மான்களுக்கு நோய் தொற்றிவிடக்கூடாது என்பதற்காகச் சாணத்தைப் பரிசோதிக்கவேண்டும். மக்கள் கண்ணில் படாமல் நடந்த இந்தப் பொறுமையான வேலையைச் செய்தவர்களுக்கு ஊரார் நன்றி சொல்லவேண்டும்.

அப்படியென்றால் இப்போது பூங்காவுக்குப் போவதில் என்ன பயன்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களிடம் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிடுவதுண்டு. கூண்டுக்குள் விலங்கு இருந்தால்தான் அது பூங்கா என்று ஆறு பத்தாண்டுகளாக நாம் பழகிவிட்டோம். நகரின் நெஞ்சுப் பகுதியில் மரநிழலும் உட்கார இடமும் குழந்தைகள் ஓட வெற்றுநிலமும் இருப்பதே பெரும் பேறு. சதுர அடி விலையைச் சொன்னால் தலைசுற்றும் இந்த ஊரில், கையில் காசில்லாதவரும் வந்து ஒரு மணி நேரம் அமர்ந்து எழுந்து போகக்கூடிய இடங்கள் எத்தனை இருக்கின்றன என்று விரல்விட்டு எண்ணிப் பார்க்கட்டும். மாலையில் வேலை முடிந்து வரும் கட்டடத் தொழிலாளர் குடும்பங்களும், மருத்துவமனைக்கு வந்துவிட்டு ஊர் திரும்பும் பேருந்துக்கு நேரம் பார்த்துக்கொண்டிருக்கும் கிராமத்துப் பெரியவர்களும், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும் இங்கே வருகிறார்கள். அவர்கள் ஒருவரும் கூண்டைத் தேடி வரவில்லை.

பூங்காவும் வ.உ.சி. மைதானமும் ஒன்றா?

இரண்டும் அடுத்தடுத்து இருப்பவை, ஆனால் வெவ்வேறானவை. குடியரசு நாள், விடுதலை நாள் அணிவகுப்புகள் நடப்பது மைதானத்தில். கோடையில் அரசுப் பொருட்காட்சி நடந்துவந்ததும் அங்கேதான். ராட்டினம், மரணக் கிணறு, தலையைவிடப் பெரிய டெல்லி அப்பளம் என்று கோவைப் பிள்ளைகளின் கோடை விடுமுறைக்கு ஒரு அடையாளமே அந்தப் பொருட்காட்சி. உடுமலை, பல்லடம், மேட்டுப்பாளையம் பக்கமிருந்தெல்லாம் குடும்பத்தோடு பேருந்து ஏறி வருவார்கள். மாலை நேரத்தில் அந்தப் பகுதியில் கிடைக்கும் காளான் மசாலாவைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. கோவைத் தள்ளுவண்டிக் காளான் தன் பெயரைத் தானே சம்பாதித்துக்கொண்டது. தின்றுவிட்டுத் தட்டைப் பூங்கா வாசலில் போடாமல் குப்பைத்தொட்டியைத் தேடிப் போடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

ஈரோட்டிலும் வ.உ.சி. பூங்கா இருக்கிறதே, அது வேறா?

ஆம், அது வேறு. அதையொட்டிய மைதானத்துக்குத்தான் 2020இல் கொரோனாக் காலத்தில் ஈரோடு நேதாஜி காய்கறிச் சந்தை மாற்றப்பட்டது. இணையத்தில் வழி தேடுகிறவர்கள் ஊர்ப் பெயரையும் சேர்த்துத் தேடுவது நல்லது.

செம்மொழிப் பூங்கா வந்துவிட்டதே, இனி வ.உ.சி. பூங்காவுக்கு மதிப்பு குறையாதா?

2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது அறிவிக்கப்பட்டு, 2023 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டு, 2025 நவம்பரில் திறக்கப்பட்ட செம்மொழிப் பூங்கா, மத்திய சிறைக்குச் சொந்தமாக இருந்த நிலத்தில் முதல்கட்டமாக 45 ஏக்கரில் உருவாகியிருக்கிறது. சிறையையே பிளிச்சி கிராமத்துக்கு மாற்றும் திட்டமும் இருக்கிறது. சிறை நிலம் பூந்தோட்டமாவதை வரவேற்காமல் இருக்க முடியுமா?

ஆனால் ஒன்று வந்ததால் மற்றொன்று வேண்டாம் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. புதிய பூங்கா நாளெல்லாம் செலவழித்துச் சுற்றிப் பார்க்கவேண்டிய இடம். பழைய பூங்கா, போகிற வழியில் நுழைந்து கால் மணி நேரம் நிழலில் நின்றுவிட்டுப் போகிற இடம். ஒரு நகரத்துக்கு இரண்டும் தேவை. என் விருப்பம் வேறொன்று: வ.உ.சி. பூங்கா, மத்திய சிறையின் செக்கு, செம்மொழிப் பூங்கா ஆகிய மூன்றும் நடந்தே சென்றடையக்கூடிய தொலைவில் இருப்பதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நிழல்மரங்களோடு நல்ல நடைபாதையும், வழியில் வ.உ.சி.யின் வாழ்க்கையைச் சொல்லும் பலகைகளும் அமைந்தால், கோவை பெயருக்கு மட்டும் நினைவு வைத்திருக்கும் ஊராக இராது. சிறை இடம் மாறினாலும் அந்தச் செக்கு இருந்த இடத்திலேயே இருக்கவேண்டும். அதை வண்டியில் ஏற்றி வேறிடம் கொண்டுபோனால் அது வெறும் கல்லாகிவிடும்.

எந்த மாதத்தில், எந்த நேரத்தில் வருவது நல்லது?

கோவை கடல்மட்டத்திலிருந்து சுமார் 411 மீட்டர் உயரத்தில், பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரே இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலையில் மழையைக் கொட்டிவிட்டுக் கணவாய் வழியே ஈரக்காற்றை மட்டும் நமக்கு அனுப்புவதால், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நண்பகலில்கூடப் பூங்காவில் உட்காரலாம். எங்கள் வீட்டில் அதை ஆடிக்காற்று என்று சொல்வோம். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை பெய்யும், குடை வேண்டும். டிசம்பர், ஜனவரி காலைப்பொழுதுகள் குளிராக இருக்கும். மார்ச் முதல் மே வரை மாலை நான்கு மணிக்கு மேல் வருவதே உடலுக்கு நல்லது.

மாலையில் வருகிறவர்கள் இந்தப் பகுதியிலும் ரேஸ் கோர்ஸ் சாலையிலும் நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களைக் கவனித்துப் பாருங்கள். தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மரம் நிழலுக்காக நம் சாலைகளில் நடப்பட்டது. ஐந்தரை மணி அளவில் சிற்றிலைகள் ஒவ்வொரு இணையாகக் கீழ்நோக்கி மடங்கத் தொடங்கும். அடியில் நின்று மேலே பார்த்தால், சற்று முன்புவரை கூரை போல மூடியிருந்த தழைக்குள் வானம் துண்டு துண்டாகத் தெரிய ஆரம்பிக்கும். மழை மேகம் திரண்டாலும் இப்படியே மடங்கிக்கொள்ளும்.

ஒருநாள் பயணமாக வருகிறவர்கள் இதோடு சேர்த்து வேறு எதைப் பார்க்கலாம்?

காலையில் ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் ஒரு சுற்று நடக்கலாம். ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர். ஆர்.எஸ்.புரம் அருகே வனக்கல்லூரி வளாகத்தில் 1902இல் திறக்கப்பட்ட காஸ் வன அருங்காட்சியகம் குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும். அது சிறியதுதான் என்றாலும், வெட்டுமரங்களின் குறுக்குவெட்டையும் பாடஞ்செய்த விலங்குகளையும் அவ்வளவு கிட்டத்தில் வேறெங்கும் பார்ப்பது அரிது. மருதமலை செல்லும் வழியில் வேளாண் பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்கா இருக்கிறது. அவசரமில்லாமல் பார்க்க இந்த மூன்றே ஒரு நாளுக்குப் போதும்.

பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வருகிறோம், வ.உ.சி.யைப் பற்றி எப்படிச் சொல்வது?

ஆண்டுகளையும் பட்டங்களையும் ஒப்பிக்கச் சொல்லவேண்டாம் என்பதே என் கருத்து. நான் என் பேத்தியிடம் செய்ததைச் சொல்கிறேன். விரும்பினால் நீங்களும் செய்து பாருங்கள். ஒரு பெரிய மரத்தைத் தேர்ந்து, துப்பட்டாவின் ஒரு முனையை அவள் இடுப்பில் கட்டி, மறுமுனையை நான் பிடித்துப் பின்னுக்கு இழுத்தபடி, அந்த மரத்தைச் சுற்றச் சொன்னேன். முதல் மூன்று சுற்று சிரித்துக்கொண்டே ஓடினாள். ஏழாவது சுற்றில் முகம் சிவந்தது. பன்னிரண்டாவது சுற்றில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கொடுத்துவிட்டு, சிறை இருக்கும் திசையைக் காட்டி, அங்கே ஒருவரை வெயிலில் இப்படித்தான் செக்கைச் சுற்றவைத்தார்கள் என்றேன்.

"ஏனுங்க அப்புச்சி, செக்குன்னா மாடு இருக்குமே, மாடு எங்க போச்சுங்க?" என்று கேட்டாள்.